குழந்தையின் இடுப்பு மூட்டு நழுவல்: எந்த வயதில் என்ன சிகிச்சை?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டித் தந்த வழி. அந்த மருத்துவத்தை உரிய நேரத்தில் செய்வதும் அதில் அடங்கும். சில நோய்களில் ஒரு வருடம் தாமதித்தாலும் சிகிச்சை மாறாது. ஆனால் சில நோய்களில் மாதக்கணக்கில் தாமதித்தாலே சிகிச்சை வேறாகிவிடும். பச்சிளங்குழந்தைகளின் இடுப்பு மூட்டு நழுவல் இரண்டாவது வகை. 2 மாதக் குழந்தைக்குத் துணிப்பட்டையால் சரியாகக்கூடிய அதே குறைக்கு, 3 வயதில் எலும்பை வெட்டி அமைக்கும் ஆபரேஷன் தேவைப்படுகிறது. இந்த மாதப் பாடத்தில் அந்த வித்தியாசத்தைத்தான் பார்க்கப்போகிறோம். வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்களும், கர்ப்பிணிப் பெண்கள் இருக்கும் குடும்பத்தாரும் கண்டிப்பாகப் படியுங்கள். நன்னிமா, தாதிமாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

இது என்ன குறை?

ஆட்டுக்கல்லின் குழிக்குள் குழவி அமர்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். நம் இடுப்பு மூட்டும் அப்படித்தான். தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழி ஒரு கிண்ணம். பந்து கிண்ணத்துக்குள் சரியாக அமர்ந்திருந்தால்தான் இரண்டும் சரியான வடிவில் வளரும். பந்து அழுத்த அழுத்தக் கிண்ணம் ஆழமாகும். கிண்ணம் பிடித்திருப்பதால் பந்து உருண்டையாக இருக்கும்.

சில குழந்தைகளுக்குக் கிண்ணம் ஆழமில்லாமல் இருக்கும். சிலருக்குப் பந்து உள்ளே இருந்தாலும் அசைத்தால் வெளியே நழுவும். சிலருக்குப் பந்து முழுவதுமே வெளியே நிற்கும். இவை எல்லாம் ஒரே குறையின் வெவ்வேறு நிலைகள். டாக்டர்கள் சீட்டில் 'டி.டி.எச்.' என்று எழுதுவார்கள். மூட்டு முழுவதுமாக நழுவிய நிலை ஏறத்தாழ 1000 குழந்தைகளில் ஒருவர் அல்லது இருவருக்கு இருக்கும். லேசான நிலையில் இருப்பவர்கள் அதைவிட அதிகம்.

இதில் கவனிக்க வேண்டியது, குழந்தைக்கு வலிக்காது என்பதுதான். வலி இல்லாததால் அழாது. பால் குடிக்கும், சிரிக்கும், குப்புற விழும், தவழும். ஓரளவு வயதானதும் நடக்கவும் செய்யும். அதனால்தான் இது கண்ணில் படாமல் போகிறது.

எந்தக் குழந்தைகளை அதிகம் கவனிக்க வேண்டும்?

பாதிக்கப்படுவோரில் ஐந்தில் நான்கு பேர் பெண் குழந்தைகள். முதல் பிரசவத்தில் பிறந்த குழந்தைக்கு வாய்ப்பு அதிகம். இடது பக்க மூட்டில்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. இவற்றையெல்லாம் விட முக்கியமானவை இரண்டு.

ஒன்று, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் குழந்தை தலை திரும்பாமல், பிட்டம் கீழாக இருந்திருப்பது. சிசேரியன் செய்து எடுத்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. வயிற்றுக்குள் எப்படி இருந்தது என்பதே முக்கியம்.

இரண்டு, தாய், தந்தை, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இதே குறை இருந்திருப்பது. சொந்தத்துக்குள் சம்பந்தம் செய்யும் குடும்பங்களில், சிறு வயதிலிருந்தே சாய்ந்து நடக்கும் மாமியோ சித்தியோ இருந்தால், அதற்குக் காரணம் என்ன என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

துணி சுற்றுவதும் கால் நீவுவதும்

குழந்தையின் கால்கள் இயல்பாகவே தவளைக் கால்போல மடங்கி விரிந்திருக்கும். அதுதான் மூட்டுக்குப் பாதுகாப்பான நிலை. கால்களை நேராக நீட்டிச் சேர்த்துத் துணியால் இறுக்கிச் சுற்றினால், பந்து வெளியே தள்ளப்படுகிறது. ஜப்பானில் 1970களில், குழந்தையின் கால்களை நீட்டிக் கட்டாதீர்கள் என்று நாடு முழுக்கப் பிரச்சாரம் செய்தார்கள். அதன்பின் அங்கே இந்தக் குறை பல மடங்கு குறைந்தது.

குழந்தையைத் துணியில் சுற்றக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. மார்புக்குச் சுற்றுங்கள். இடுப்புக்குக் கீழே கால்கள் மடங்கி அசைய இடம் விடுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது இரண்டு கால்களையும் பிடித்து நீட்டி இழுத்துவிடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தலை நின்ற பிறகு நம் வீடுகளில் குழந்தையை ஒக்கலில் தூக்கி வைத்துக்கொள்கிறோமே, அது நல்ல பழக்கம். தாயின் இடுப்பைச் சுற்றிக் கால்கள் விரிந்திருப்பதால் பந்து கிண்ணத்துக்குள் அழுந்தியிருக்கும்.

வீட்டிலேயே தெரியும் அடையாளங்கள்

நடக்கும் முன்:

குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால்களை மடக்கி, இரண்டு தொடைகளையும் மெதுவாக வெளிப்பக்கம் விரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் தடைபட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். டயப்பர் மாற்றும்போது பல தாய்மார்கள் இதைத்தான் முதலில் உணர்கிறார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு நம்பத்தகுந்த அடையாளமும் இதுவே. முழங்கால்களை மடக்கிப் பாதங்களைச் சேர்த்து வைத்தால், ஒரு முழங்கால் தாழ்ந்து தெரிவதும் அடையாளம். தொடை மடிப்புகள் இரு பக்கமும் ஒன்றுபோல இல்லாவிட்டால் காட்டலாம். ஆனால் அது நல்ல குழந்தைகளிடமும் இருக்கும் என்பதால் அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நடந்த பின்:

ஒரு பக்கம் சாய்ந்து நடப்பது, ஒரு காலில் குதிகால் தரையில் படாமல் விரல்களை ஊன்றுவது, வாத்துபோல இரு பக்கமும் ஆடி நடப்பது, நிற்கும்போது வயிறு முன்தள்ளி இடுப்பு உள்வளைவது. இரண்டு பக்கமும் நழுவியிருந்தால் கால்களுக்குள் வித்தியாசம் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தைகளுக்குத்தான் அதிக நாள் தெரியாமல் போகிறது.

"வளர்ந்தால் சரியாகிவிடும்", "நடைவண்டி வாங்கிக் கொடுங்கள்" என்று சொல்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நடக்க ஆரம்பித்தபின் நழுவியிருக்கும் மூட்டு தானாக உள்ளே போவதில்லை. எண்ணெய் நீவலும் நாட்டுக் கட்டும் அதை உள்ளே கொண்டுபோகாது.

நாற்பதாம் நாளையொட்டி ஒரு ஸ்கேன்

பிறந்தவுடன் குழந்தை டாக்டர் இடுப்பை அசைத்துச் சோதிப்பார். இத்தாலிய டாக்டர் ஓர்டோலானி 1930களிலும், இங்கிலாந்தின் டாக்டர் பார்லோ 1962லும் விளக்கிய இரண்டு எளிய கைச்சோதனைகள் அவை. செலவே இல்லாதவை. காதில் பாங்கு சொல்லியாயிற்றா என்று கேட்கும் நாம், இடுப்பைப் பார்த்தார்களா என்றும் கேட்டுக்கொள்வோம்.

தலை திரும்பாமல் இருந்த குழந்தைக்கும், குடும்பத்தில் இந்தக் குறை உள்ள குழந்தைக்கும், கைச்சோதனையில் எல்லாம் சரி என்று சொன்னாலும், ஏறத்தாழ 6 வாரத்தில் இடுப்புக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பது நல்லது. 6 வாரம் என்றால் 42 நாள். நம் வீடுகளில் நாற்பது கழியும் நேரமும் அதுதான். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போகும் நேரமும் அதுதான். மூன்றையும் சேர்த்து நினைவில் வைத்தால் மறக்காது. சிறு குழந்தையின் பந்து இன்னும் குருத்தெலும்பாகவே இருப்பதால் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது. அதனால் முதல் மாதங்களில் ஸ்கேன். 4 முதல் 6 மாதத்துக்குப் பிறகு எக்ஸ்ரே.

6 மாதம் வரை: துணிப்பட்டை

செக் நாட்டு டாக்டர் ஆர்னால்ட் பாவ்லிக் 1940களில் உருவாக்கிய பட்டை இன்றும் முதல் சிகிச்சை. தோளிலிருந்து பாதம் வரை போகும் மென்மையான பட்டைகள், கால்களை மடக்கி விரித்த நிலையில் நிறுத்தி வைக்கும். பொதுவாக 6 முதல் 12 வாரம், நாள் முழுவதும் அணிவிக்க வேண்டும். பாலூட்டலாம், டயப்பர் மாற்றலாம். பட்டையின் அளவை டாக்டர்தான் மாற்ற வேண்டும். பாவமாக இருக்கிறது என்று வீட்டில் கழற்றி வைத்தால் பலன் போய்விடும். மூன்று நான்கு வாரத்தில் பந்து உள்ளே அமராவிட்டால், பட்டையைத் தொடராமல் அடுத்த சிகிச்சைக்குப் போவார்கள். இரண்டு டயப்பர் சேர்த்துக் கட்டுவது இதற்கு ஈடாகாது.

6 முதல் 18 மாதம் வரை: மூட்டைத் திறக்காமல் உள்ளே சேர்த்தல்

குழந்தைக்கு முழு மயக்கம் கொடுத்து, டாக்டர் கையாலேயே பந்தைக் கிண்ணத்துக்குள் கொண்டுவருவார். மூட்டுக்குள் சாயமருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் அது சரியாக அமர்ந்ததா என்று பார்ப்பார்கள். தொடை இடுக்கில் உள்ள தசைநார் இறுகியிருந்தால், சிறு கீறல் போட்டு அதைத் தளர்த்துவார்கள். பிறகு மார்புக்குக் கீழிருந்து கால் வரை மாவுக்கட்டு. மொத்தம் ஏறத்தாழ 3 மாதம். இடையில் ஒருமுறை மயக்கம் கொடுத்துக் கட்டை மாற்றுவது வழக்கம்.

பந்து உள்ளே நிற்காவிட்டால் அழுத்திப் பிடித்து வைக்க மாட்டார்கள். அப்படி அழுத்தினால் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து, பந்தே சேதமடையக்கூடும். இந்தச் சிகிச்சை முழுவதிலும் டாக்டர்கள் அதிகம் அஞ்சுவது இதைத்தான். அப்போது மூட்டைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்குப் போவார்கள்.

மூட்டைத் திறந்து செய்யும் ஆபரேஷன்

வெளியே நின்றுவிட்ட பந்து திரும்பி வர, வழியில் பல தடைகள் இருக்கும். காலியான கிண்ணத்தில் கொழுப்பு நிறைந்திருக்கும். உள்ளிருக்கும் நார் தடித்திருக்கும். மூட்டை மூடும் சவ்வு தொளதொளவென நீண்டிருக்கும். முன்னால் உள்ள தசைநார் குறுக்கே இறுகியிருக்கும். டாக்டர் இவற்றை நீக்கி, பந்தை நேரில் பார்த்து உள்ளே அமர்த்தி, சவ்வைச் சுருக்கித் தைப்பார். மிகச் சிறிய குழந்தைகளுக்குத் தொடை இடுக்கு வழியாகச் செய்வதுண்டு. கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கு இடுப்பின் முன்பக்கம், உள்ளாடை மறைக்கும் கோட்டில் கீறல் போடுவார்கள். தழும்பு வெளியே தெரியுமே என்று பெண் பிள்ளைகளின் பெற்றோர் கவலைப்படத் தேவையில்லை. இதற்குப் பிறகும் மாவுக்கட்டு உண்டு.

18 மாதத்துக்குப் பிறகு: கிண்ணத்தையும் திருத்துதல்

நாள் ஆக ஆகக் கிண்ணம் ஆழம் இழந்து சரிவாகிவிடும். பந்தை உள்ளே வைத்தாலும் கூரை இல்லாத வீடுபோல அது மீண்டும் வெளியேறும். ஆகவே கிண்ணத்துக்கு மேலே இடுப்பெலும்பை வெட்டி, கிண்ணத்தைச் சாய்த்து, பந்தை மூடும்படி அமைக்க வேண்டும். கனடாவில் டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டர் ராபர்ட் சால்டர் 1957இல் செய்த ஆபரேஷன் இதற்கு வழிகாட்டி. எலும்பை முழுவதும் வெட்டித் திருப்பி, குழந்தையின் சொந்த எலும்புத் துண்டையே ஆப்புபோலச் செருகிக் கம்பியால் நிறுத்துவார்கள். கம்பியைப் பிறகு எடுத்துவிடுவார்கள். எலும்பைப் பாதி வெட்டிக் கூரையை மட்டும் கீழே வளைக்கும் முறைகளும் உண்டு. அவற்றுக்கு பெம்பர்டன், டேகா என்ற டாக்டர்களின் பெயர்கள் வழங்குகின்றன. எந்த முறை என்பதைக் குழந்தையின் எலும்பு அமைப்பைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

2, 3 வயதுக்கு மேல்: தொடை எலும்பையும் குறைத்தல்

பந்து நெடுநாள் மேலே ஏறி நின்றதால் தசைகள் சுருங்கியிருக்கும். இழுத்து உள்ளே வைத்தால் அழுத்தம் தாங்காது. அதனால் தொடை எலும்பில் ஒரு சிறு துண்டை எடுத்து, கோணத்தையும் சரிசெய்து, தகடும் திருகும் வைப்பார்கள். எலும்பு கூடிய பிறகு அவற்றை அகற்ற இன்னொரு சிறு ஆபரேஷன் இருக்கும். "காலைக் குட்டையாக்குகிறார்களே" என்று பெற்றோர் பதறுவது இயல்பு. ஆனால் பந்து கீழிறங்கித் தன் இடத்துக்கு வருவதால் கால் நீளம் பெரும்பாலும் ஈடாகிறது. குழந்தை வளரும்போதும் வித்தியாசம் ஓரளவு குறையும். ஆக, இந்த வயதில் மூட்டைத் திறப்பது, கிண்ணத்தைத் திருப்புவது, தொடை எலும்பைக் குறைப்பது என்று மூன்று வேலைகள் ஒன்றாகச் சேர்கின்றன. ரத்தமும் தேவைப்படலாம். இரண்டு பக்கமும் நழுவியிருந்தால் ஒரு பக்கம் முடித்து, இடைவெளி விட்டு மறுபக்கம் செய்வதே வழக்கம்.

பொதுவாக ஒரு பக்கம் நழுவியிருந்தால் 8 வயதளவிலும், இரு பக்கமும் நழுவியிருந்தால் அதற்கு முன்பே 5, 6 வயதளவிலும் டாக்டர்கள் நிதானிப்பார்கள். அதற்குமேல் ஆபரேஷனால் கிடைக்கும் நன்மையைவிட மூட்டு இறுகிப்போகும் ஆபத்து அதிகமாகலாம். எனவே "ஸ்கூலில் சேர்த்துவிட்டுப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

செய்யாமல் விட்டால்?

குழந்தைப் பருவத்தில் சாய்ந்த நடை மட்டும்தான். வலி பிறகு வரும். வாலிப வயதிலோ, குழந்தை பெற்றபின்னோ இடுப்பும் முதுகும் முழங்காலும் வலிக்கத் தொடங்கும். மூட்டு தேய்ந்து, தரையில் அமர்வதும் தொழுகை இருப்பும் சிரமமாகும். கடைசியில் இளம் வயதிலேயே செயற்கை மூட்டு வைக்கும் நிலைவரை போகலாம்.

ஆபரேஷன் நாளும் மாவுக்கட்டு நாட்களும்

மயக்க மருந்துக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். பொதுவாகத் திட உணவும் மாட்டுப்பாலும் பால்பவுடரும் 6 மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்படும். உங்கள் டாக்டர் சொல்லும் நேரமே சட்டம். குழந்தை அழுகிறதே என்று யாரும் ரகசியமாக ஒரு வாய் பால் புகட்டினால், அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. அப்படிக் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தபின் கவனிக்க வேண்டியவை:

- கட்டின் திறப்புக்குள் சிறிய டயப்பரைச் செருகி, மேலே பெரியதைக் கட்டுங்கள். அடிக்கடி மாற்றுங்கள். சிறுநீர் ஊறினால் கட்டும் கெடும், தோலும் புண்ணாகும்.
- இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தையைத் திருப்பிப் படுக்க வையுங்கள். கால்களுக்கு நடுவே உள்ள குறுக்குக் கம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள்.
- குளிப்பாட்ட வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும். நம் ஊர் வெயிலில் வியர்வை அதிகம் என்பதால் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கட்டுக்குள் பவுடர் போடாதீர்கள். குச்சி விட்டுச் சொறியாதீர்கள்.
- கால்விரல்களைத் தினமும் பாருங்கள். நீலம் பாய்தல், வீக்கம், சில்லிட்டுப்போதல், அசைக்காமை, காய்ச்சல், கட்டிலிருந்து துர்நாற்றம், நிற்காத அழுகை எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
- வயிற்றுப் பகுதி இறுகியிருப்பதால், சிறிது சிறிதாகப் பல வேளை ஊட்டுங்கள்.

கட்டை வெட்டும் மெஷின் பெரிய சத்தம் போடும். அது அதிர்வதால்தான் கட்டை வெட்டுகிறது, சுழலும் ரம்பம் அல்ல. குழந்தையை நெஞ்சோடு பிடித்துக்கொள்ளுங்கள். கட்டைப் பிரித்தபின் கால் விறைப்பாக இருக்கும். நடக்கச் சில வாரம் ஆகும். யாரும் வலுக்கட்டாயமாக மடக்கி நீட்ட வேண்டாம். நடந்துவிட்டது என்று சிகிச்சையையும் முடித்துவிடாதீர்கள். வளர்ச்சி முடியும்வரை டாக்டர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

எங்கே போவது, செலவுக்கு என்ன வழி?

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், ஆர்.பி.எஸ்.கே., பரிசோதிக்கும் பிறவிக் குறைகளில் இடுப்பு மூட்டு நழுவலும் ஒன்று. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் இந்த மருத்துவக் குழுவிடம் சந்தேகத்தைச் சொல்லுங்கள். அவர்கள் மாவட்ட அளவிலான மையத்துக்கு அனுப்புவார்கள்.

குழந்தை எலும்பு சிகிச்சையில் பழக்கமுள்ள டாக்டரிடம் செய்துகொள்வது முக்கியம். நமக்கு எட்டும் தூரத்தில் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் குழந்தை எலும்பு சிகிச்சைக்கென்றே தனிப்பிரிவு உண்டு. சென்னை எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. என்.எல்.சி. நிரந்தர ஊழியர்கள் நிறுவன மருத்துவமனை வழியாக மேல்சிகிச்சைப் பரிந்துரை கேட்கலாம். இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அந்த அட்டையை மறக்க வேண்டாம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். அட்டையில் குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் ஒப்புதல் பெறுங்கள். கட்டிவிட்ட பணத்தைப் பிறகு திரும்பப் பெறுவது கடினம்.

போக்குவரத்து, தங்குமிடம், மாவுக்கட்டோடு திரும்பி வர வாகனம், ரத்தக் கொடையாளர் ஆகியவற்றுக்கு நம் அறக்கட்டளையை அணுகுங்கள். தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஜகாத் நிதியிலிருந்தும், மற்றவர்களுக்கு ஸதகா நிதியிலிருந்தும் இயன்றதைச் செய்வோம். விவரம் வெளியே போகாது.

பெண் பிள்ளை என்பதால் மறைக்கலாமா?

"நாளை சம்பந்தம் பேசும்போது குறை சொல்வார்களே" என்று அஞ்சி, ஆபரேஷனையே தள்ளிப்போடுவோர் உண்டு. யோசித்துப் பாருங்கள். காலத்தில் சிகிச்சை பெற்ற பிள்ளை பெரும்பாலும் எல்லோரையும்போல நடக்கும், தொழும், ஓடி விளையாடும். சிகிச்சை பெறாத பிள்ளையின் நடையைத்தான் மறைக்க முடியாது. தாய்மை அடைவதற்கும் இந்த ஆபரேஷன் தடையல்ல. பிரசவ டாக்டரிடம் பழைய எக்ஸ்ரேக்களைக் காட்டினால் போதும்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பிள்ளை வளர்ந்து தாயாகும்போது, அவள் பெறும் குழந்தையும் ஸ்கேன் எடுக்க வேண்டிய பட்டியலில் சேர்கிறது. தனக்குச் சிறு வயதில் என்ன நடந்தது என்பதே அவளுக்குத் தெரியாவிட்டால், தன் குழந்தைக்கு நாற்பதாம் நாளில் ஸ்கேன் எடுக்கச் சொல்ல அவளுக்கு எப்படித் தோன்றும்? நாம் இன்று மறைத்தால் பாதிக்கப்படுவது நம் பேரக்குழந்தை. ஆபரேஷன் குறிப்புகளையும் எக்ஸ்ரேக்களையும் பத்திரப்படுத்தி, வயது வந்ததும் அவள் கையில் கொடுத்துவிடுங்கள். அது அவளுடைய அமானிதம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

கைக்குழந்தை உள்ள வீட்டார் அடுத்த முறை டயப்பர் மாற்றும்போது இரு தொடைகளும் சமமாக விரிகின்றனவா என்று பாருங்கள். குழந்தை தலை திரும்பாமல் இருந்ததாக ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்தால், நாற்பதாம் நாள் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நடை சாய்ந்திருக்கும் பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும், வயது என்னவானாலும், ஒரு எக்ஸ்ரே எடுத்து எலும்பு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். தாமதமாகிவிட்டதே என்று யாரும் வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிட வேண்டாம். இன்று போவது அடுத்த வருடம் போவதைவிட நல்லது.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் பாதங்களை உறுதியாக்கி, தொழுகையில் நிலைநிறுத்தி, நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.